இறங்கின தோள்

மேனகா தனக்கென்று தைத்த சாறி பிளவுஸ் இடது தோளில் வழுகி நின்றது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெள்ளவத்தையில் கலியாண வீடென்றால் பெண்கள் தேடி வருகிற கை அது. அந்தக் கை தன்னுடைய சட்டையிலேயே பிழை விட்டால் யாரிடம் போய் முறையிடுவது? கழற்றி மேசையில் போட்டு, இரண்டு தோளையும் ஒன்றின் மேல் ஒன்று மடித்துப் பார்த்தாள். மயிரளவும் பிசகவில்லை. வெட்டும் சரி, தையலும் சரி. மறுபடி போட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். வலப்பக்கம் அளவாக இருந்தது. இடப்பக்கம் கழுத்தையும் இழுத்துக்கொண்டு கீழே போயிருந்தது. அதற்குப் பிறகுதான் சட்டையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தாள். இறங்கியிருந்தது அவளுடைய தோள்.

ஒரு கையில் மட்டும் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒன்றுமில்லை.

அந்தத் தோளும் அந்தப் பக்கத்துக் காதும் சில வாரங்களாகவே சொல்வழி கேட்கவில்லை. கடலில் குளித்துவிட்டு வந்தால் காதுக்குள் தண்ணீர் நிற்குமே, அப்படி ஓர் அடைப்பு. தலையைச் சரித்துத் தட்டினாலும் இறங்காது, கொட்டாவி விட்டாலும் திறக்காது. காதுக்குப் பின்னால் தொடங்குகிற நோ கழுத்து வழியே இறங்கித் தோளில் வந்து குந்தியிருக்கும். குந்தியிருக்கிறது என்றுதான் அவள் எல்லோருக்கும் சொன்னாள். வேறு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை.

வைத்தியம் சொல்லுகிறதற்கு ஊரில் ஆள் குறைவா? கீழ்வீட்டுக்காரி உள்ளி போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய் விடச் சொன்னாள். சாறிக்கு ஓரம் அடிப்பிக்க வந்த ரீச்சர் தலையணையை மாற்றச் சொன்னார். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடையில் மனேஜராக இருக்கிற அவளுடைய புருஷன் தயாபரன், வருத்தத்தின் காரணத்தையே கண்டுபிடித்துவிட்ட பெருமையில் சொன்னான்:

"என்னப்பா, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில செருகிக்கொண்டு நாள் முழுக்கத் தைச்சா வேற என்ன வரும்?"

அதில் பொய்யில்லை. இரண்டு கையும் மெசினில் இருக்கும், போன் இடது காதோடு இடுக்கியிருக்கும், மறுபக்கத்தில் யார் என்ன கதைத்தாலும் மேனகாவின் வாய் தன்பாட்டில் "ஓம்... ஓம் ஓம்..." என்று போய்க்கொண்டிருக்கும். பாதி நேரம் என்னத்துக்கு ஓம் சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது. இப்படி ஓம் சொல்லி ஒரே நாளைக்கு மூன்று பேருக்குச் சட்டை தாறதாக ஒப்புக்கொண்டு அகப்பட்டிருக்கிறாள். மகள் றஷ்மி நுவரெலியாப் பயணத்துக்கு அனுமதி எடுத்ததும் இந்த வழியில்தான். அந்தப் பிள்ளை மட்டும் திறமா? உயர்தரப் படிப்பென்று கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டினால், இஞ்சாலே வீடு இடிந்து விழுந்தாலும் அங்காலே இருந்து "ஓம்மா, ஓம்" என்றுதான் வரும். தயாபரன் இரண்டு பேரையும் வைத்துப் பகிடி பண்ணுவான்.

ஆனால் மேனகா மனம் விட்டு ஓம் சொல்லுவது ஒரேயொரு ஆளுக்குத்தான். அக்கா அனுஷியாவுக்கு. தாய் செத்தபோது மேனகாவுக்குத் தலை வாரத் தெரியாத வயது, வாரிவிட்டது அக்கா. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும், பெரிய பிள்ளையானபோது தண்ணி வார்த்ததும், தையல் வகுப்புக்கு அனுப்பினதும் அக்கா. அக்கா கேட்டால் என்ன ஏதென்று கேட்கிற பழக்கம் இவளுக்கு இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டைக் கலியாணம் முடித்து கத்தோலிக்க வேதத்துக்குப் போன பிறகும், ஒவ்வொரு பின்னேரமும் அக்காவின் போன் வரும். இவள் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே தைப்பாள்.

இந்த வருத்தத்தில் இன்னொரு விசேஷம் இருந்தது. போன வருஷம் முழுக்க இதே காது அடைப்பும் இதே தோள் நோவும் அக்காவுக்கு இருந்தது. ஒஸ்வால்டின் தாய் மாக்ரெட் மாமி பாரிசவாதத்தில் விழுந்ததிலிருந்து அக்காதான் பார்த்தாள். மாமி நடக்கிறதென்றால் அக்காவுக்குப் பின்னால் நின்று அவளைப் பிடிக்கவேண்டும். அக்காவின் இடது தோளை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, நாடியைத் தோளில் வைத்துக்கொண்டு, காதோடு வாயை வைத்து "மெதுவா புள்ள, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே பாத்ரூமுக்குப் போய்வரும். மாமி கண்ணை மூடின பிறகும் அக்காவின் நோ தீரவில்லை. மருந்தென்று குடித்துக் குடித்து மெலிந்து போனாள். பிறகு திடீரென்று ஒரு நாள் சுகம் வந்துவிட்டது.

எப்படிச் சுகம் வந்தது அக்கா என்று மேனகா கேட்டபோது, "தன்பாட்டில போச்சுது" என்றாள் அக்கா. அதற்கு மேல் கதை இல்லை.

காசு கட்டி நம்பர் எடுத்து, சனல் பண்ணிப் பார்த்த காது டொக்டர் நப்ரீஸ் நிதானமான மனிதர். விளக்கை விட்டுப் பார்த்தார், மறுகாதையும் பார்த்தார்.

"காது கிளீனா இருக்கு. அழுக்கு இல்ல, சவ்வும் நல்லம். காது வலிக்குக் காதுதான் காரணம் எண்டு இல்ல. ராவில பல்லைக் கடிச்சா தாடை மூட்டில இருந்து இங்க வலிக்கும். கழுத்தெலும்பு தேஞ்சாலும் வரும். கழுத்தில இருந்து வார நரம்பு காதுக்குப் பின்னாலதான் முடியுது. அங்க இறுக்கினா இங்க அடைச்ச மாதிரி இருக்கும்." அவர் தோளில் விரலை வைத்து அழுத்தினார். அவருடைய முகம் கொஞ்சம் மாறியது. "இடப்பக்கத்தில சின்னப் புள்ள தூக்குறீங்களா?"

"இல்லை டொக்டர்."

"வயசாளி யாரையும் தாங்கி நடத்துறீங்களா? அப்படி ஆக்களுக்குத்தான் இந்தத் தசை இப்படிக் கட்டிப் போகும்."

"அது என்ர அக்காவுக்கு. எனக்கில்லை" என்று மேனகா சிரித்தாள். டொக்டர் சிரிக்கவில்லை. ஒத்தடம் கொடுக்கச் சொல்லி, போனைக் காதில் இடுக்குவதை விடச் சொல்லி, பக்கத்து அறைக்குத் தசைப் பயிற்சிக்கு அனுப்பினார்.

பயிற்சி கொடுக்கிற றோஸி கலகலப்பான பெண். கதைத்துக்கொண்டே மேனகாவின் சட்டையைத் தோளால் இறக்கினவள் பேச்சை நிறுத்தினாள்.

"யார் அக்கா உங்களுக்கு உருவி விட்டது? இப்படி அமத்தக் கூடாது."

"ஒருத்தரும் உருவேல்லையே."

றோஸி மேனகாவின் போனிலேயே படம் எடுத்துக் காட்டினாள். காறை எலும்புக்குக் கீழே நாலு நீலத் தழும்பு, பக்கத்தில் பக்கமாக. முதுகுப் பக்கத்தில் ஒன்று, கொஞ்சம் அகலமாக. மேனகா வலது கையை எடுத்து அந்த இடங்களில் விரலை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. தன் கை தன் தோளை அப்படிப் பிடிக்கவே ஏலாது. பின்னால் நிற்கிறவர்களால்தான் ஏலும்.

அவள் அதைத் தயாபரனுக்குக் காட்டவில்லை. றஷ்மிக்குப் பரீட்சை, அவளுக்கும் காட்டவில்லை. அக்காவுக்குக் காட்டலாம் என்று வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டுச் சத்தங்கள் மாறின. வலது காதில் எல்லாம் பழையபடி கேட்டது: கடற்கரைத் தண்டவாளத்தில் மருதானைக்குப் போகிற ரயில், மாடிப்படியில் செருப்பு, மீன்காரனின் சைக்கிள் மணி, காற்றுக்கு ஜன்னல் கம்பியில் அடிபடுகிற திரைச்சீலை வளையம். இடது காதில் அவை ஒன்றும் இல்லை. ஆனால் அது சும்மாவும் இருக்கவில்லை. அடைத்த காதுக்குள் நம்முடைய மூச்சு நமக்கே பெரிதாகக் கேட்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேனகா ஒரு மத்தியானம் மெசினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். காதுக்குள் மூச்சு நிற்கவில்லை. மெல்லமாக, ஈரமாக, ஒரு பக்கத்து மூக்கு அடைத்த ஆளின் மூச்சு மாதிரிப் போய்வந்துகொண்டிருந்தது. இடையில் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். கட்டுப்பல் இளகினவர்கள் வாயை மூடும்போது வருகிற சத்தம்.

மணமும் வந்தது. ஓடிகொலோன் வாசனைத் தண்ணீர்; அதற்கு அடியில், கன நாள் படுக்கையில் கிடந்த உடம்பின் புளித்த மணம். மேனகா துணி மூட்டைகளை எல்லாம் பிரித்து மோந்து பார்த்தாள். கடைசியில் தன் தலைமயிரை முன்னால் எடுத்துவிட்டு மோந்தாள். அது இடப்பக்கத்து மயிரில்தான் இருந்தது.

அவள் பயந்துபோனாள். பயந்தவள் யாரிடம் போவாள்? போன் எடுத்து அக்காவை வரச் சொன்னாள். மறுபக்கத்தில் அக்கா "சரி" என்றாள். போனை வைத்த பிறகுதான் மேனகாவுக்கு அது உறைத்தது. கொஞ்ச நாளாகவே அக்கா எதற்கும் சரி என்றுதான் சொல்லுகிறாள். சில நேரம் "ஆ", சில நேரம் இங்கிலீசில் "யேஸ்". கொழும்பிலேயே பிறந்து வளர்ந்து நாலு பாஷை கலந்து பேசினாலும், யாழ்ப்பாணத்துத் தாயின் ஓம் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் விடாமல் வைத்திருந்தவள் அக்கா. அது எங்கே போயிற்று?

சனிக்கிழமை பின்னேரம் அக்கா வந்தாள். முகம் தெளிந்து, உடம்பு போட்டிருந்தது. நோ இருந்த காலத்தில் கழற்றி வைத்த பெரிய ஜிமிக்கி இடது காதில் திரும்ப ஆடியது. கைப்பையையும் இடது தோளில்தான் மாட்டியிருந்தாள். தங்கச்சியைக் கண்டால் கட்டிப்பிடிக்கிறவள், வாசலில் நின்றபடி தலையை மட்டும் ஆட்டினாள். செற்றியில் மேனகாவின் இடப்பக்கம் இடம் கிடந்தும், சுற்றிவந்து வலப்பக்கக் கதிரையில் இருந்தாள்.

மேனகா எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர், தழும்பு, மூச்சு, பல்லுச் சத்தம். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் அவளுடைய கண் மேனகாவின் முகத்தில் இல்லை. முகத்துக்குப் பக்கத்தில், இடது தோளுக்கு மேலே, இன்னோர் ஆளின் முகம் இருந்தால் எங்கே இருக்குமோ அங்கே போய் நிற்கும், உடனே திரும்பும், மறுபடி போகும்.

"இன்னும் கதைக்கத் தொடங்கேல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

"என்ன?"

"இல்லை... இன்னும் டொக்டரோட கதைக்கேல்லையா எண்டு."

"இப்பதானே சொன்னனான் அக்கா, டொக்டரிட்டப் போனனான் எண்டு."

அக்கா பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள். ஒஸ்வால்ட் வேலையால் வரப்போகிறாராம், பஸ் நெரிசலாம். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக மேனகாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. படியிறங்கிப் போனாள்.

அது கதைக்கத் தொடங்கினது செவ்வாய்க்கிழமை. வெயில் நேரம். வீட்டில் ஒருவரும் இல்லை. மேனகா தைத்துக் களைத்து பாத்ரூமுக்குப் போக எழும்பினாள். நடையில் மூன்று அடி வைத்திருப்பாள். தோளில் பிடி இறுகியது. கன்னத்தோடு ஏதோ குளிர்ந்து ஒட்டியது.

"மெதுவா புள்ள. மெதுவா."

மேனகா நின்ற இடத்திலேயே நின்றாள். திரும்பவில்லை. கால் தன்பாட்டில் சின்னச் சின்ன அடியாக நகரத் தொடங்கியது, ஒவ்வோர் அடிக்கும் நின்று, பின்னால் வருகிறவர் வந்து சேருகிறவரைக்கும் காத்து. பாத்ரூம் கதவுவரைக்கும் அப்படியே போனாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாக்ரெட் மாமியின் குரல். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

முகம்கூடக் கழுவாமல் அவள் கொட்டாஞ்சேனை பஸ் ஏறினாள். யன்னல் பக்கத்து இருக்கையில் இருந்தாள். பக்கத்தில் இருக்க வந்தவர்கள் எல்லோரும் என்னவோ யோசித்துவிட்டு வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

அக்காவின் வீடு துறைமுகத்தை ஒட்டின ஒழுங்கையில். மாமியின் அறை திறந்து கிடந்தது. கட்டிலும் இல்லை, ஒன்றும் இல்லை. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. அக்கா தங்கச்சியைக் கண்டதும் கதவைச் சாத்தப் பார்த்தாள். மேனகா காலை வைத்துத் தடுத்தாள். சொந்த அக்காவின் வாசலில் அப்படிச் செய்ய வேண்டி வந்ததே என்று அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

"அது மாமி."

அக்கா கதவை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"உனக்குத் தெரியும். நான் டொக்டர் டொக்டரா அலையேக்க உனக்குத் தெரியும். சொல்லு."

அக்கா சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். "சாகிறதுக்கு முதல் நாள் மாமி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ. என்னைத் தனிய விடமாட்டாய்தானே புள்ள எண்டு. சாகப்போற மனிசிக்கு வேற என்னத்தைச் சொல்லுறது மேனு? அந்தச் சொல்லைச் சொன்னனான்."

"எந்தச் சொல்லை?"

அக்கா தலையை ஆட்டினாள். சொல்லமாட்டேன் என்று. அப்போதுதான் மேனகாவுக்கு விளங்கத் தொடங்கியது.

"பிறகு எனக்கு எப்படி வந்தது?"

"நீ அந்தக் கலியாண வீட்டுச் சட்டையள் தைச்சுக்கொண்டு போனில இருந்தனீ. நான் வாய் திறக்கேல்லை. சத்தியமா மேனு, அந்தோனியார் அறிய நான் வாய் திறக்கேல்லை. எனக்குப் பக்கத்தில இருந்து அது கேட்டது. என்ர குரலில. இதைக் கொஞ்சம் நீ எடுக்கிறியா மேனு, எண்டு. நீ என்னத்தை எண்டு கேக்கேல்லை."

மேனகாவுக்கு அந்தப் பின்னேரம் ஞாபகம் வந்தது. சிவப்புக் கூறைச் சட்டை, கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் குரல் என்னவோ கேட்டது. ஓம் அக்கா, ஓம், ஓம். எப்போதும் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னாள்.

"ஏன் நான்? ஏன் ஒஸ்வால்ட் அத்தான் இல்லை?"

"அவர் எதைக் கேட்டாலும் என்னத்துக்கு எண்டு கேப்பார்." அக்காவின் குரல் தேய்ந்தது. "நீ மட்டும்தான் கேக்கமாட்டாய்."

பத்து வயதில் தலை வாரிவிட்ட கை அது. அந்தக் கைக்காக யோசிக்காமல் சொன்ன ஓம். அதைப் பிடித்துக்கொண்டே இவளைத் தள்ளிவிட்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அது கேட்டது என்கிறாளே, இந்தப் பொய்யை எந்த மடையன் நம்புவான்? மேனகா நம்பவில்லை.

"சரி, நீ கேக்கேல்லை எண்டே வைச்சுக்கொள்ளுவம். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது.

"காது திறந்திட்டுது மேனு. ஒரு வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் நித்திரை கொண்டனான்."

இதைவிட அவள் அடித்திருக்கலாம். மேனகா அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "அக்கா. நான் கேக்கிறன், கேள். நீ திருப்பி எடுப்பியா? அக்கா, எடுப்பியா?"

அக்கா தங்கச்சியின் கையைத் தட்டிவிட்டாள். தன்னுடைய இரண்டு கையையும் எடுத்து வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். கைக்கு மேலே கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. கை அசையவில்லை.

மேனகா எழும்பி வெளியே வந்தாள். பின்னால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் வலது காதில் கேட்டது.

பஸ்ஸில் வரும்போது அவள் ஒரு முடிவு எடுத்தாள். என்னோடு போகட்டும். அக்கா தன் தங்கச்சிக்குச் செய்ததை நான் என் வீட்டில் ஒருவருக்கும் செய்யமாட்டேன். றஷ்மிக்குப் பதினெட்டு வயது. அந்தப் பிள்ளையிடம் ஒரு தண்ணீர்ப் போத்தலைக்கூட எடுத்துத் தா என்று கேட்கமாட்டேன். நான் கேட்காவிட்டால் அது எப்படிப் போகும்?

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வீட்டில் பேச்சைக் குறைத்தாள். தயாபரனுக்கு முன்னால் நல்லாயிருக்கிற மாதிரி நடித்தாள். தோள் இன்னும் இறங்கியது. தலை இடப்பக்கம் சாய்ந்தே நின்றது, யாரோ ரகசியம் சொல்லக் கேட்கிறவள் போல. அது செபமாலை சொல்லும், சோறு வேண்டாம் என்று முனகும், பாத்ரூமுக்கு என்று சொல்லும். பிறகு ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. மேனகா சொல்லுகிறதை எல்லாம் திருப்பிச் சொன்னது. "மீன் வேண்டாம்" என்று இவள் யன்னலால் சொன்னால், ஒரு மூச்சுப் பிந்திக் காதுக்குள் "மீன் வேண்டாம்." முதலில் கிழட்டுக் குரலில். பிறகு அவ்வளவு கிழடில்லாத குரலில். வரவர, யார் முதலில் சொன்னது, யார் பிறகு சொன்னது என்று மேனகாவுக்கே தெரியாமல் போயிற்று.

அது தனக்கு மட்டும்தானே கேட்கிறது என்று அவள் இருந்தாள்.

ஒருநாள் காலை றஷ்மி வகுப்புக்கு வெளிக்கிட்டு நின்றபோது, மேனகா அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரான தோள். இடமும் வலமும் ஒரே அளவு. எவ்வளவு தாங்கும் என்று மனம் தன்பாட்டில் அளந்தது. அளந்ததை உணர்ந்ததும் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றாள் றஷ்மி.

"ஒண்டுமில்லை. போ."

"ஒண்டுமில்லை. போ" என்றது காது.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. பின்னேரமே வானம் கறுத்து, கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. தயாபரன் கடையில் நின்றான். றஷ்மி அறைக்குள் இயர்போனோடு. மேனகா மெசினுக்கு முன்னால் லைட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு சட்டைக் கையைப் பொருத்திக்கொண்டிருந்தாள். குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்வியிருந்தாள், எப்போதும் கவ்வுகிற மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தவேண்டும். வாய் திறக்க ஏலாது.

காதுக்குள் மூச்சு நின்றது.

அவள் ஊசியைக் குத்தாமல் கையைத் தூக்கினபடி இருந்தாள். மழை. மழை மட்டும். ஓடிகொலோன் மணம் தொண்டைவரைக்கும் ஏறியது. தோளில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக இளகின.

"றஷ்மி."

மேனகாவின் குரல். மேனகா சொல்லவில்லை. உதட்டில் ஊசிகள் அப்படியே இருந்தன.

காதுக்குள் இல்லை. வெளியே. வீடு முழுக்கக் கேட்டது.

"றஷ்மி, இதைக் கொஞ்சம் நீ எடுக்கிறியா செல்லம்?"

அக்கா பொய் சொல்லவில்லை.

மேனகா கத்தப் பார்த்தாள். ஊசி உதட்டில் ஏறியது. நாக்கில் ஏறியது. கதிரை சரிந்தது. இல்லை என்று சொல்லவேண்டும், கேளாதே என்று சொல்லவேண்டும், வாய்க்குள் இரத்தமும் இரும்பும்தான் இருந்தது.

அறைக்குள்ளிருந்து றஷ்மியின் குரல் வந்தது, புத்தகத்திலிருந்து கண் எடுக்காத குரல்.

"ஓம்மா. ஓம், ஓம்."

காது திறந்தது.

சின்னதாக ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். மழை இரண்டு காதிலும் கேட்டது. கடல் கேட்டது. மேல்வீட்டில் குக்கர் விசில் கேட்டது. தோள் எழும்பியது. கழுத்து நிமிர்ந்தது. நோ இல்லை. எங்கேயும் இல்லை. மேனகாவுக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம், உடம்பு முழுக்க. அவள் நிலத்தில் ஊசிகளைத் துப்பினாள். நின்றபடியே அந்தச் சுகத்தில் ஒரு முறை மூச்சு விட்டாள். அந்த ஒரு மூச்சுக்குத்தான் அக்கா ஒரு தங்கச்சியைக் கொடுத்தாள்.

அறைக் கதவு திறந்தது.

றஷ்மி ஓர் இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இடது காதைக் குடைந்தபடி வந்தாள். ஒரு சின்ன அடி. நின்றாள். இன்னொரு சின்ன அடி. நின்றாள். ஏன் இப்படி நடக்கிறோம் என்று தெரியாமல் தன் காலைப் பார்த்தாள். அவளுடைய ரீசேட்டின் கழுத்து இடப்பக்கம் இறங்கியிருந்தது. தோளில், துணி நாலு இடத்தில் உள்ளே அமிழ்ந்திருந்தது.

"அம்மா, என்னத்தை எடுக்கச் சொன்னீங்கள்?"

மேனகா வாய் திறந்தாள். சொல்லிவிடலாம். திருப்பி எடுப்பீங்களா என்று நீ என்னிடம் கேள் பிள்ளை, நான் ஓம் சொல்லுகிறேன் என்று. ஒரு வரிதான். அது வரவில்லை.

"அம்மா, உங்கட வாயில இரத்தம்." றஷ்மி இடது தோளை உதறினாள். அது உதறுபடவில்லை. "எனக்கும் ஒரு மாதிரி இருக்கு. காது அடைச்ச மாதிரி. பின்னால யாரோ நிக்கிற மாதிரி." இன்னொரு சின்ன அடி வைத்தாள். "அம்மா, நீங்கள் என்னோட இருப்பீங்கள்தானே? என்னைத் தனிய விடமாட்டீங்கள்தானே?"

எந்தத் தாயும் யோசிக்காமல் சொல்லுகிற பதில் அது. ஒரே சொல்லு.

றஷ்மி அந்தச் சொல்லுக்காகத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தோளில் நாடியை வைத்துக்கொண்டு இன்னொன்றும் காத்து நின்றது. மேனகாவின் இரண்டு கையும் எழும்பி வந்து அவளுடைய வாயை இறுக்கிப் பொத்தின.